பிறக்கும் குழந்தையின் தோளில் பாவச்சுமை உண்டா?



சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னரும் ஓர் இளைஞர் மட்டும் ஒளுச் செய்யும் இடத்தருகே தயங்கி நின்றார். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்பவர். அருகில் வந்து ஸலாம் உரைத்துவிட்டு, "ஹஜ்ரத்! கிறிஸ்தவர்களை மடக்குவதற்கு நாலு கேள்வி எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்.

"யாரை மடக்கப் போகிறீர்கள் தம்பி?" என்றேன்.

அவர் சொன்ன செய்தி இது. அவருடன் ஒரே அறையில் தங்கியிருப்பவர் தென்மாவட்டத்துக் கிறிஸ்தவ இளைஞர். அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மூன்றாண்டுகளாக இருவரும் ஒரே பானையில் பொங்கி உண்டவர்கள். இவருக்கு டைபாய்டு கண்டபோது ஒரு வாரச் சம்பளத்தை இழந்து மருத்துவமனையில் கூடவே இருந்தவர் அந்த நண்பர். அத்தகைய இருவரும் இப்போது இரண்டு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம், தேநீர் வேளையில் தொடங்கிய ஒரு தர்க்கம்.

ஆதாமின் பாவத்தினால் மனிதர் அனைவரும் பாவிகளாகவே பிறக்கின்றனர். ஆகவே ஒரு மீட்பர் இன்றியமையாதவர் என்று நண்பர் கூறியிருக்கிறார். "உங்கள் பைபிளே முன்னுக்குப்பின் முரண்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். "ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதாக உங்கள் குர்ஆனிலும் இருக்கிறதே? எல்லாம் விதிப்படிதான் என்றால் இறைவன் தண்டிப்பது எப்படி நியாயம்?" என்று அவர் திருப்பிக் கேட்க, இவருக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத இடத்தில் கோபம் வந்தது. கோபத்தில் சொல்லத் தகாத சொல்லும் வந்துவிட்டது.

நாலு கேள்வி எழுதித் தர நான் இணங்கவில்லை. மாறாக, மூன்று மாலைகள் அவரை அருகில் இருத்திச் சில செய்திகளை எடுத்துரைத்தேன். இதே தர்க்கம் நம் வீடுகள் பலவற்றிலும், பள்ளிக்கூடங்களிலும், தொழிற்கூடங்களிலும் நடைபெறுவதால் அவற்றை உங்கள் முன்னும் வைக்கின்றேன்.

முதலாவது, பிறர் கொள்கையை மறுக்க விரும்புவோர் அது இன்னதென அறிந்திருத்தல் வேண்டும். நம்மவர் பலர், 'தொட்டிலில் கிடக்கும் குழந்தையே பாவம் செய்துவிட்டதாகக் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள்' என்று எண்ணிக்கொண்டு நகைக்கின்றனர். எந்தப் பாதிரியாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் 'ஜென்மப் பாவம்' என்று கூறுவது முற்பிறவிக் கர்மவினையும் அன்று. ஆதிமனிதரின் கீழ்ப்படியாமையால் மனித இயல்பே கெட்டுவிட்டது, அந்தக் கேடு தலைமுறை தலைமுறையாய் வருகிறது என்பதே அவர்கள் கூற்று. புனித பவுல் ரோமாபுரியினருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். அதற்கு விரிவான உருவம் கொடுத்தவர் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகஸ்டின் (354–430). கேடு மட்டுமன்றிக் குற்றமும் சேர்ந்தே வருகிறது என்பது அவர் கருத்து. இதனை எதிர்த்து, மனிதன் தன் விருப்பத்தால் நன்மையைத் தேர்ந்து வாழ இயலும் என்று வாதிட்ட பெலாஜியஸ் என்பவரின் கொள்கையைக் கார்த்தேஜ் நகரில் 418-இல் கூடிய சபை கண்டித்துத் தள்ளிற்று. கீழைத் திருச்சபைகளோ, ஆதாமிடமிருந்து நாம் பெறுவது மரணமும் பலவீனமுமே, குற்றமன்று என்கின்றன. ஆக, அவர்களுக்குள்ளேயே இப்பொருளில் ஒரே குரல் இல்லை. இதனை ஏளனத்திற்காகச் சொல்லவில்லை. நமக்குள்ளும் இத்தகைய கருத்து வேற்றுமைகள் இருந்தன, அதனைப் பின்னர்க் காண்போம்.

இனி நம் திருமறை கூறுவதைக் கவனியுங்கள். ஆதம் (அலை) அவர்களும் அன்னை ஹவ்வா அவர்களும் தவறினர் என்பதைக் குர்ஆன் மறைக்கவில்லை. பழியைப் பெண்ணின் மீது மட்டும் சுமத்தவும் இல்லை. இருவரையும் சேர்த்தே பேசுகிறது. இருவரும் தங்களுக்கே அநீதி இழைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டு மன்றாடினர் என அல்அஃராப் அத்தியாயம் கூறுகிறது. இறைவனே மன்னிப்புக் கோரும் சொற்களை ஆதமுக்குக் கற்பித்து, அவரது தௌபாவை ஏற்றான் என்கிறது அல்பகராவின் 37-ஆம் வசனம். கணக்கு அங்கேயே தீர்க்கப்பட்டுவிட்டது. தீர்ந்துபோன கடனுக்கு வாரிசுகளிடம் வட்டி கேட்பார் உண்டோ? அன்றியும், பூமியில் ஒரு பிரதிநிதியைப் படைக்கப் போவதாக இறைவன் மலக்குகளிடம் அறிவித்தது அந்தத் தவறு நிகழ்வதற்கு முன்னர் என்பதையும் மறக்கலாகாது. இப்பூமி நமக்குச் சிறைச்சாலையாக மட்டும் குறிக்கப்பட்டதன்று.

சுமை சுமப்போர் எவரும் மற்றவரின் சுமையைச் சுமக்க மாட்டார் என்னும் நியதி திருக்குர்ஆனில் ஐந்து இடங்களில் வருகிறது. அவற்றுள் அந்நஜ்ம் அத்தியாயத்தில் வரும் இடம் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. ஏனெனில் இந்நியதி மூஸா, இப்ராஹீம் ஆகியோரின் ஏடுகளிலும் உள்ளது என்று அங்கே சேர்த்துச் சொல்லப்படுகிறது.

அந்த இளைஞரிடம், "தம்பி! இங்கே குர்ஆன் பைபிளுடன் மோதவில்லை, அதனைச் சாட்சிக்கு அழைக்கிறது" என்று சொன்னேன். அவர் வியப்புடன் நிமிர்ந்தார். மூஸா நபியின் ஆகமமாகக் கிறிஸ்தவர்கள் போற்றும் உபாகமத்தின் 24-ஆம் அதிகாரம், பிள்ளைகளின் குற்றத்திற்காகத் தகப்பன்மாரையோ தகப்பன்மாரின் குற்றத்திற்காகப் பிள்ளைகளையோ கொல்லலாகாது என விதிக்கிறது. எசேக்கியேல் ஆகமத்தின் 18-ஆம் அதிகாரமோ இதனை முழு அதிகாரமாகவே விரித்துரைக்கிறது. தந்தை தீயவனாயினும் நன்னெறியில் நடக்கும் மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்பது அதன் சாரம். நாலு கேள்விக்குப் பதிலாக இந்த ஓர் அதிகாரத்தை நண்பருடன் சேர்ந்திருந்து படியுங்கள் என்றேன்.

அப்படியானால் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளிடத்தில் விசாரிக்கப்படும் என்று வருகிறதே, இது முரண் அல்லவா என நீங்கள் கேட்கக்கூடும். கிறிஸ்தவ அறிஞர்கள் பலர் இதற்கு ஒரு விடை தருகின்றனர்: தொடர்ந்து வருவது விளைவு, தண்டனைக்குரிய குற்றம் அன்று. இவ்விடையை எள்ளி ஒதுக்காதீர்கள். இதனைப் புரிந்துகொள்ள நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. திருப்பூரில் வாழும் நமக்கு நொய்யல் இருக்கிறது.

சாயப்பட்டறைக் கழிவுநீர் ஆண்டாண்டுக் காலமாய் நொய்யலில் கலந்தது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உப்பாயின. வயல்கள் பயனற்றுப் போயின. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், அக்காலத்தில் வீரபாண்டி முதல் இச்சுற்றுவட்டாரத் தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரியத் தவித்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆற்றங்கரையில் அவ்வாண்டு பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். உப்பு நீர் அதற்கு வாரிசுச் சொத்தாக வந்தது. கரித்த மண் வந்தது. ஆனால் கழிவை ஆற்றில் விட்ட குற்றத்திற்காக எந்த நீதிபதியேனும் அக்குழந்தையைக் கூண்டில் ஏற்றுவாரா? விளைவு இறங்கி வரும். குற்றம் இறங்கி வராது. இந்தப் பாகுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் இவ்விவாதத்தின் முடிச்சுகள் பலவும் தாமே நெகிழும்.

இந்த உவமையைக் கேட்டதும் இளைஞர் மகிழ்ந்துபோய், "இது போதும் ஹஜ்ரத்!" என்று எழ முற்பட்டார். "இருங்கள், உங்கள் நண்பர் புத்திசாலியாக இருந்தால் இதே உவமையை உங்கள் மீதே திருப்புவார்" என்றேன். 'ஆம், குழந்தை குற்றவாளி அல்ல. ஆனால் அது அந்த நீரைக் குடித்தே தீர வேண்டும், நோய் கண்டே தீரும், ஆற்றைத் தூய்மையாக்க வெளியிலிருந்து ஒருவர் வந்தே ஆக வேண்டும்' என்பார். அவர்கள் தரப்பின் வலிமையான வாதம் இதுவே. இதற்கு விடை சொல்லாமல், ஜென்மப் பாவத்தை மறுத்துவிட்டதாக நாம் மார்தட்டிக்கொள்வது வீண்.

நம் விடை 'ஃபித்ரத்' என்னும் சொல்லில் அடங்கியுள்ளது. ஒவ்வொரு குழந்தையும் இயற்கைத் தூய்மையிலேயே பிறக்கிறது. பெற்றோரே அதனை ஒரு மதத்தவராக ஆக்குகின்றனர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மனிதன் பலவீனன், அவசரக்காரன், மறதியுடையவன். இவை அனைத்தையும் குர்ஆன் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஊற்றுக்கண் கெடவில்லை என்பதே நம் நம்பிக்கை. ஓடும் வழியில் நீர் கலங்கலாம். ஊற்று இறைவன் கையில் இருக்கிறது. ஆதத்தின் மக்கள் யாவரும் தவறு செய்வோரே, அவர்களில் சிறந்தோர் மீண்டு வருவோர் என்ற கருத்தில் திர்மிதியில் வரும் நபிமொழியும் இதையே உணர்த்துகிறது.

இங்கே நம் ஊருக்கென்றே சொன்னது போன்ற ஒரு குர்ஆன் சொல்லை நினைவூட்டாமல் என்னால் மேலே செல்ல இயலவில்லை. அல்பகராவின் 138-ஆம் வசனத்தில் 'ஸிப்கத்துல்லாஹ்' என வருகிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் 'வர்ணம்' என்று எழுதுகின்றன. அச்சொல்லின் நேர்ப்பொருள் சாயம், சாயத்தில் தோய்த்தல் என்பதேயாகும். அக்காலக் கிறிஸ்தவர்கள் தம் குழந்தைகளை ஞானஸ்நான நீரில் தோய்த்து, அதனைத் தூய்மைப்படுத்தலாகக் கருதினர் என்றும், அதற்கு மறுமொழியாகவே இறைவனின் சாயத்தைவிடச் சிறந்த சாயம் எது என்னும் வினா இறங்கிற்று என்றும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். சாயப்பட்டறையில் பணிபுரியும் சகோதரர்கள் இதன் நுட்பத்தை உடனே உணர்வர். மேலே பூசிய வண்ணம் ஒரு மழையில் கரைந்துவிடும். இழையின் உள்ளே இறங்கிய சாயமோ துணி கிழிந்தாலும் போகாது.

அடுத்து விதியும் மனித விருப்பமும் பற்றிய கேள்வி. இது கிறிஸ்தவர் நம்மிடம் கேட்பது மட்டுமன்று; நாமே நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வருவது. மனிதனுக்கு விருப்பமே இல்லை, காற்றில் அலையும் இறகு போன்றவன் என்றனர் ஜபரிய்யாக்கள். இறைவனின் விதிக்கு மனிதச் செயலில் இடமே இல்லை என்றனர் கதரிய்யாக்கள். இவ்விரு கோடிகளையும் விலக்கி, படைப்பவன் இறைவன், தேர்ந்து ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்ற நடுவழியை வகுத்தவர்கள் இமாம் அஷ்அரீ அவர்களும், ஹனபிகளாகிய நம்மில் பலர் பின்பற்றும் இமாம் மாத்துரீதி அவர்களும் ஆவர். கிறிஸ்தவ உலகிலும் இதே போராட்டம் நிகழ்ந்தது. மனித விருப்பம் சுதந்திரமானதே என்று ஈராஸ்மஸ் 1524-இல் எழுத, அது கட்டுண்டது என்று மார்ட்டின் லூதர் 1525-இல் மறுத்தெழுதினார். தேநீர்க் கடையில் பத்து நிமிடத்தில் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று இது.

ஆயினும் ஒரு நபிமொழியை அவருக்குச் சொன்னேன். மூஸா (அலை) அவர்கள் ஆதம் (அலை) அவர்களிடம், உங்களால் அன்றோ நாங்கள் சுவனத்தை இழந்தோம் என்ற கருத்தில் வாதிட்டார்கள். தமக்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட ஒன்றுக்காகத் தம்மைப் பழிக்கலாமா என ஆதம் (அலை) அவர்கள் கேட்டு, வாதத்தில் வென்றார்கள். இதனைக் கொண்டு, நாமும் பாவம் செய்துவிட்டு விதியின் மீது பழி போடலாமா? கூடாது என்று விளக்கியுள்ளனர் அறிஞர்கள். மூஸா (அலை) பேசியது சுவனத்தை விட்டு வெளியேறிய துன்பத்தைப் பற்றி. ஆதமின் பாவமோ முன்னரே மன்னிக்கப்பட்டுவிட்டது. வந்துவிட்ட துன்பத்திற்கு விதியைச் சொல்லி மனம் ஆறலாம். செய்யப்போகும் பாவத்திற்கு விதியைச் சாக்காக்கலாகாது. நொய்யலில் நாம் கண்ட விளைவும் குற்றமும் இங்கேயும் பிரிந்து நிற்பதைப் பாருங்கள். கலீபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதறிந்து பாதி வழியிலேயே திரும்பினார்கள். இறைவிதியிலிருந்தா ஓடுகிறீர்கள் எனத் தோழர் ஒருவர் கேட்க, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாகக் கருத்துரைத்தார்கள். விதியை நம்பியவரின் கால்கள் நின்றுவிடவில்லை.

வேதங்களின் நம்பகத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழகத்தில் இப்பேச்சு புதியதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதோடு, அப்பகுதி முஸ்லிம்களோடும் சமயம் குறித்து உரையாடி எழுதி வைத்தார். ஆயின் இந்தியாவில் புகழ் பெற்ற விவாதம் 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் ஆக்ராவில் நடைபெற்றது. ஒரு பக்கம் 'மீஸானுல் ஹக்' நூலாசிரியரான ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டர்; மறுபக்கம் கைரானாவைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ். மௌலானாவுக்குத் துணை நின்றவர் ஆங்கிலமறிந்த மருத்துவர் வஸீர் கான். ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்களே பைபிளின் பிரதிகளை ஆராய்ந்து எழுதிய நூல்களை அவர் திரட்டி வைத்திருந்தார். பிரதி எடுத்தோரால் சில இடங்களில் மாறுதல்கள் நேர்ந்ததை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் அடிப்படைக் கோட்பாடு எதுவும் அதனால் கெடவில்லை என்றார். ஐந்து பொருள்கள் குறிக்கப்பட்டிருந்தும் இரண்டோடு விவாதம் நின்றது. இரு தரப்பாரும் தாமே வென்றதாக அறிவித்தனர்!

மௌலானா பின்னர் அரபியில் எழுதிய 'இள்ஹாருல் ஹக்' நூலில் எடுத்துக்காட்டும் இடங்களில் ஒன்று யோவானின் முதல் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் திரித்துவம் பற்றி வரும் வாசகம். ஈராஸ்மஸ் 1516-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் அது இல்லை, 1522-இல் சேர்க்கப்பட்டது. 1881-இல் கிறிஸ்தவ அறிஞர்களே திருத்திய ஆங்கிலப் பதிப்பிலிருந்து அதனை நீக்கிவிட்டனர். தம் வேதத்தில் பிற்சேர்க்கை என்று கண்டதைத் தாமே நீக்கிய அவர்கள் நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும். இதனை வைத்துக் கிண்டல் செய்வோர், முதலில் நம் கிராஅத் கலையைப் பற்றி நாலு வரியேனும் அறிந்திருக்கட்டும். பாத்திஹாவில் 'மாலிகி' என்றும் 'மலிகி' என்றும் இருவகையாக ஓதப்படுவது எதனால் என்று நண்பர் கேட்டால், விழிக்காமல் விடை சொல்ல இயல வேண்டும் அல்லவா?

ஆக்ராவைப் பற்றிய மற்றொரு செய்தியையும் மறைக்கலாகாது. அவ்விவாதக் காலத்தில் முஸ்லிம் தரப்பைச் சூழ்ந்திருந்த மௌலவிகளில் ஒருவரான இமாதுத்தீன் 1866-இல் ஞானஸ்நானம் பெற்றார். நம் மேடைகளில் ஆக்ராவைப் பற்றி முழங்குவோர் இதனைச் சொல்வதில்லை. வாதத்தில் வெல்வது வேறு, உள்ளத்தில் ஈமான் நிலைப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பர் கேட்ட கேள்வி ஒன்று மீதமிருந்தது: குர்ஆனிலும் பிறர் சுமை பேசப்படுகிறதே? உண்மைதான். வழிகெடுப்போர் தம் சுமைகளுடன், தாம் வழிகெடுத்தோரின் சுமைகளிலிருந்தும் சுமப்பர் என அந்நஹ்ல் அத்தியாயத்தின் 25-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கெடுத்தது அவர்களின் சொந்தச் செயல். அதன் பாவம் அவர்களுடையதே. கெட்டவரின் கணக்கிலும் ஒன்றும் குறைவதில்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். 'முஃப்லிஸ்' எனும் திவாலானவர் பற்றிய நபிமொழியும் இத்தகையதே. தொழுகை, நோன்பு, ஸகாத் அனைத்துடனும் அவர் மறுமைக்கு வருவார். ஆனால் ஒருவரை ஏசியிருப்பார்; ஒருவர் பொருளை விழுங்கியிருப்பார். அவரது நன்மைகள் பாதிக்கப்பட்டோருக்குப் பங்கிடப்படும். அவை தீர்ந்தபின் அவர்களின் பாவங்கள் இவர்மேல் போடப்படும். 'இறைவன் சும்மா மன்னித்துவிட்டால் நீதி எங்கே?' என்று கிறிஸ்தவ நண்பர்கள் கேட்பதற்கு நம் விடை இங்கேதான் உள்ளது. தௌபாவினால் இறைவனின் உரிமை மன்னிக்கப்படும். அடியாரின் உரிமையைத் திருப்பித் தராமல் தௌபா நிறைவேறாது. பீஸ் ரேட்டில் தைத்தவருக்குத் தர வேண்டிய கூலியை இழுத்தடித்துக்கொண்டே, 'ஒருவர் பாவத்தை ஒருவர் சுமக்கார்' என்று கிறிஸ்தவரிடம் வாதிடும் முதலாளி இருப்பாராயின், அவர் அந்த நபிமொழியைப் படித்துவிட்டு வாதத்திற்குச் செல்வது நலம்.

இளைஞர் தலைகுனிந்தார். "நானும் ஏசிவிட்டேனே, ஹஜ்ரத்" என்றார். "அது அடியாரின் உரிமை, அதனை அவரிடமே சென்று தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனா வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களுடன் கொள்கையில் கடுமையாகவே மாறுபட்டார்கள். ஆயினும் தம் பள்ளிவாசலிலேயே அவர்கள் தம் முறைப்படி வழிபட இடமளித்தார்கள் என வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறித்துள்ளதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

மறுவாரம் மாலை இருவரும் ஒரே வண்டியில் வந்திறங்கினர். நண்பர் கையில் தமிழ் வேதாகமம் இருந்தது. "ஐயா, எசேக்கியேல் பதினெட்டு படித்தோம். கடைசி வசனம் வரை படித்தீர்களா?" என்று என்னிடம் கேட்டார். படித்திருக்கிறேன் என்றேன். மனந்திரும்புங்கள், பிழைத்திருங்கள் என்று இறைவன் அழைப்பதில் அது முடிகிறது. 'தௌபா' என்ற அரபிச் சொல்லின் நேர்ப்பொருளும் திரும்புதல்தான் என்று நான் கூறியபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனால் எங்கள் நம்பிக்கையில் சிலுவை இல்லாமல் அந்தத் திரும்புதல் முடியாது ஐயா" என்றார். "எங்கள் நம்பிக்கையில் அடியானுக்கும் ஆண்டவனுக்கும் நடுவே எவரும் தேவையில்லை தம்பி" என்றேன். அவரும் ஒப்பவில்லை, நானும் விடவில்லை. இரவு ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று இருவரும் எழுந்தனர். வண்டியைக் கிளப்பும்போதும் நம்மவர் உபாகமத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அமர்ந்திருந்தவர் பதில் சொல்லிக்கொண்டே சென்றார்.